முயல் கூண்டை வெளியே வைத்தது நான்

பொம்மிடி ரயில்வே கேட்டுக்கு அப்பால் வரிசையாக நிற்கும் கடைகள் நான் கட்டியவை. போர்வெல் வண்டி ஓட்டினேன். கல்தான் விளையும் என்று பங்காளிகள் சிரித்துக்கொண்டே ஒதுக்கிக் கொடுத்த மேட்டில் இன்று தென்னந்தோப்பு நிற்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது இவ்வளவும். இதெல்லாம் ஊருக்கே தெரியும். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஊருக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, பெங்களூரில் வேலை பார்த்த மாமா, ஒரு மாசி மாதம், கூடையில் இரண்டு வெள்ளை முயல்களோடு ரயிலிலிருந்து இறங்கினார். ஆண் ஒன்று, பெண் ஒன்று. என் தங்கைக்காகக் கொண்டுவந்தது. எங்கள் வீடு ஒரே அறை. அதன் மூலையில் ஒரு பலகைப் பெட்டியில் வைக்கோல் போட்டு அவற்றை வைத்தோம். சில நாளில் இரண்டில் ஆண் முயல் தும்ம ஆரம்பித்தது. மூக்கில் சளி ஒழுகும். முன்னங்காலால் துடைத்துத் துடைத்து அந்தக் கால் மயிரெல்லாம் பசை தடவியதுபோல் ஒட்டிக்கிடக்கும்.

தவக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் ஈஸ்டர் வரை கறி கிடையாது. அரிசி மில்லில் மூட்டை தூக்கிவிட்டு வந்து படுத்த அப்பா, தும்மல் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“ஈஸ்டர் வரைக்குந்தான் பாப்பேன். அதுக்குள்ள இந்த முசலுங்க தும்மல நிறுத்தலன்னா, கொழம்புதான்.”

“சீக்கு முசலத் தின்னா உங்களுக்கும் தும்மல் வரும்ப்பா” என்றாள் தங்கை.

“பாருங்க, வக்கீலம்மா எந்திரிச்சிட்டா” என்றாள் அம்மா.

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் எங்கள் வீட்டில் என்ன செய்வோமோ, அத்தனையும் முயலுக்கு நடந்தது. வெந்நீர்க் குளியல். பனி படாமல் பெட்டியைச் சுற்றிச் சாக்கு. தணலில் சாம்பிராணி போட்டு, சாக்கைத் தூக்கி உள்ளே புகை. வீடு கோயில்போல் மணத்தது. தும்மல் மட்டும் கூடியது.

நான் ஆண் முயலைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். “முசலுக்கா? இங்க மாட்டுக்கே ஊசி தீந்துபோச்சி தம்பி. ஊட்டுல மொளகு அரைக்கச் சொல்லு” என்றார் அங்கிருந்தவர். மாடு பிடித்து நின்ற சனமெல்லாம் சிரித்தது.

ஆண் முயல் செத்துப்போனது. தங்கை சோறு தின்னவில்லை. பிறகு பெண் முயலும் தும்மியது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவும் தங்கையும் கோயிலுக்குச் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். முயல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சாக்கை விலக்கித் தலையை உள்ளே விட்டேன். மூத்திர வாடை கண்ணைக் குத்தியது. மூக்கு எரிந்து நானே தும்மினேன். வைக்கோலைத் தொட்டால் அடியெல்லாம் சொதசொதவென்று ஈரம். காற்றுப் போக ஒரு சந்து இல்லை. தலையை விட்ட எனக்கே இப்படி என்றால், அதற்குள்ளேயே குடியிருப்பதற்கு?

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வைக்கோலை வாரி எறிந்தேன். அடிப்பலகையைப் பெயர்த்து, மூத்திரம் கீழே விழும்படி மூங்கில் பட்டைகளை இடைவெளி விட்டு அடித்தேன். பெட்டி கூண்டாகிவிட்டது. வாசல் வேப்பமரத்தடியில் கல் வைத்து அதன்மேல் கூண்டை ஏற்றினேன். வாடைக்காற்று வரும் பக்கம் மட்டும் சாக்கு.

திரும்பி வந்த தங்கை அலறினாள். “பனியில போட்டுக் கொல்லப் பாக்கறான்மா, பாவி!” அம்மா கூண்டை உள்ளே தூக்கப் போனாள். நான் குறுக்கே நின்றேன்.

அப்பாதான் வாசலில் நின்று சொன்னார்: “வெளியவே கெடக்கட்டும். புகையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

என் கைவேலையைப் பார்த்து மெச்சிச் சொல்கிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். தும்மல் மெல்லக் குறைந்தது. ஈஸ்டருக்கு அப்பா கோழி வாங்கி வந்தார். முயலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பல வருடம் கழித்து, அப்பாவை மூச்சிளைப்போடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நெஞ்செல்லாம் மில் தவிடு, இது இன்று நேற்று வந்ததல்ல என்றார் டாக்டர். அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒற்றை அறையில், சாம்பிராணிப் புகைக்கும் மூத்திர வாடைக்கும் நடுவில், முயலுக்கு முன்பே மூச்சுத் திணறியவர் அவர். எனக்கு மூச்சு முட்டுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்ல அந்த மனுசனுக்கு வாய் வரவில்லை. கொழம்பு என்றுதான் சொல்லத் தெரிந்தது. நான் முயலின் தும்மலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது தங்கை தன் பேரப்பிள்ளைகளிடம் கதை சொல்கிறாள்: “மெழுகுவத்தி ஏத்தி வேண்டுனேன். அந்தோணியார் காப்பாத்துனாரு.” காப்பாற்றியிருக்கட்டும், அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூங்கில் பட்டைக்கு ஆணி அடித்தது அவரா? கூண்டை வெளியே வைத்தவன் நான். முயலின் மூச்சுக்கு ஒரு தரம், அப்பாவின் மூச்சுக்கு ஒரு தரம், என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.