தரை தேய்க்கிறவனுக்கு வாய்த்த வீட்டுக்காரர்கள்

பலகைத் தரை தேய்க்கிற தொழிலில் ஒரு விஷயம் நிச்சயம்: மெஷினைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். நீங்களும் அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை செய்கிறவராக இருந்தால், பெயின்ட் அடிக்கிறவரோ, குழாய் திருத்துகிறவரோ, ஏசி கழுவுகிறவரோ, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. எங்கள் எல்லோரையும் மாறி மாறிக் கூப்பிடுவது ஒரே வீட்டுக்காரர்கள்தானோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

நானும், எனக்கு அண்ணன் மாதிரி மூத்தவரான நவாஸ் நானாவும் சேர்ந்துதான் இந்த வேலை செய்கிறோம். பெரிய மெஷின் அவருடையது. அதன் அடியில் ஓர் உருளை இருக்கும். உருளையில் சான்ட் பேப்பரைச் சுற்றி ஓடவிட்டால் பழைய வார்னிஷும் அழுக்கும் மேடும் சேர்ந்து உரிந்து வரும். சுவரோரத்தையும் மூலைகளையும் முழங்காலில் இருந்து சின்ன மெஷினால் தேய்ப்பது என் வேலை. முழங்காலில் இருக்கிறவனைக் கண்டால் மனிதருக்கு அறிவுரை சொல்லத் தோன்றுகிறது. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தூசு இல்லாத தேய்ப்பு

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் ஒரு மாடி வீடு. வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அன்ரி ஒருவர்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். வாசலில் வைத்தே முதல் கேள்வி: "தம்பி, தூசு வருமோ?" மரத்தைத் தேய்த்தால் தூசு வராமல் பன்னீரா வரும் என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டு, "ஓம் அன்ரி, வரும். கதவைத் திறக்காதேங்கோ, ஃபேனைப் போடாதேங்கோ" என்றேன். கதவு இடுக்குகளை எல்லாம் பொலித்தீன் வைத்து டேப் ஒட்டி அடைத்தோம்.

மெஷின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அன்ரி டேப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தார். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கவாம். உள்ளே புழுக்கமாக இருந்ததால் ஃபேனையும் போட்டார். பிறகு நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. சாமியறை, கொடியில் காய்ந்த சேலைகள், அடுப்பில் இருந்த சொதி, சோபாவில் நித்திரையாகக் கிடந்த அங்கிள், எல்லாம் ஒரே நிறம். அங்கிள் எழும்பி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்தார். அந்த வீட்டில் அவருக்கு எல்லாம் பழகிப்போயிருக்க வேண்டும். நான் முதலே சொன்னேனே என்றேன். அன்ரிக்குப் பிடித்தது கோபம்.

"தூசு வருமெண்டு எனக்குத் தெரியாதோ? வராதெண்டு நீர் சொல்லுவீர் எண்டுதானே கேட்டனான்."

போளை விட்டுப் பார்த்தவர்

கொட்டாஞ்சேனையில் ஒரு லோயர். பழைய காலத்து மாடி வீடு. மேல்தளம் முழுக்கப் பலகை. கீழே தாங்குகிற மரங்கள் ஜன்னல் பக்கமாக எப்போதோ தாழ்ந்துபோய், வீடே அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. பலகைக்குப் பலகை இருந்த மேடு பள்ளத்தை எடுக்கலாம், சாய்வை எடுக்க முடியாது என்று வேலை தொடங்க முதலே சொல்லிவிட்டோம். "அது எனக்குத் தெரியும்" என்றார். தெரியும் என்று சொல்கிறவர்களிடம்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

தேய்த்து முடித்த அன்று சட்டைப் பையில் இருந்து சின்னப் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற கண்ணாடிப் போளை ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். அது உருண்டு ஜன்னலடிக்குப் போனது. வேறிடத்தில் வைத்தார். அங்கிருந்தும் போனது. மனிதர் குறுக்கு விசாரணை செய்கிற முகத்தோடு அறை முழுக்கப் போளையும் கையுமாக நடந்தார். கடைசியில் ஒரு மூலையில் அது அசையாமல் நின்றது. குனிந்து பார்த்தேன். இரண்டு பலகைக்கு நடுவில் இருந்த வெடிப்பில் இறுகி நின்றது. அந்த வெடிப்பை அடைப்பதற்காக மரத்தூளையும் பசையையும் குழைத்து வைத்துக்கொண்டுதான் நான் அங்கே முழங்காலில் இருந்தேன். லோயர் என்னைப் பெருமையோடு பார்த்தார்.

"பாரும், இங்க நிக்குது. முழுத் தரையையும் இந்த மூலை மாதிரிச் செய்து தாரும்."

நானாவின் விளக்கம்

வீட்டுக்காரர்களை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. உருளை சுழலும்போது மெஷின் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் நின்ற இடத்தில் மரத்தைத் தின்றுவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே நவாஸ் நானாதான். வெள்ளவத்தையில் ஒரு நடன டீச்சரின் மாடி வகுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, களனியில் இருக்கும் அவருடைய மச்சான் போன் எடுத்தார். விஷயம் கிரிக்கெட். யாரை டீமில் இருந்து தூக்க வேண்டும் என்று நானா கையை ஆட்டி விளக்கத் தொடங்கினார். அவருக்குக் கை இரண்டுதான். மெஷின் நின்றது, உருளை நிற்கவில்லை.

நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்குவதற்குள் அறையின் நட்ட நடுவில் ஒரு பள்ளம். பிள்ளைகள் ஆடுகிற இடம். கால் பிசகினால் யார் பதில் சொல்வது? டீச்சர் வெறுங்காலோடு வந்தவர், அந்த இடத்தில் பாதம் பட்டதும் நின்று, இது என்ன என்று கேட்டார். மிச்சத் தரை முழுவதையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்குத் தேய்த்து இறக்கி முடிக்கும்வரை எனக்கு முதுகு நிமிரவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நானா கொஞ்சமும் கலங்காமல் டீச்சருக்குச் சொன்ன பதில் இதுதான்.

"இது பள்ளம் இல்ல மிஸ். மத்த எடமெல்லாம் கொஞ்சம் மேடாப் போய்ட்டு. அதையும் எடுத்துத் தாரன்."

சக்கர நாற்காலித் தடம்

இது சிரிக்கிற கதை இல்லை. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துப் பக்கம், அருள்தாஸ் என்பவரின் வீடு. மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள், மேல்மாடி அறையை விருந்தினர் தங்குகிற இடமாக மாற்ற வேண்டும் என்றார். நல்ல முதிரைப் பலகை. ஆனால் ஒரு மூலையில் கட்டில் கால்கள் பதிந்த நாலு குழி. அங்கிருந்து ஜன்னல் வரைக்கும் இரண்டு கோடாக மரம் தேய்ந்து கிடந்தது. அவருடைய அப்பா நடக்க முடியாமல் போன பிறகு, சாகும்வரை அந்த அறையில்தான் இருந்தாராம். சக்கர நாற்காலியில் கட்டிலடியில் இருந்து ஜன்னலுக்கும், ஜன்னலில் இருந்து கட்டிலடிக்கும். வேறு போக இடம் இல்லை. கீழே முன் அறை சும்மாதான் கிடந்தது. ஆட்கள் வந்துபோகிற இடம் என்று அதை அவருக்குக் கொடுக்கவில்லை. இதை அருள்தாஸ் ஏதோ வீட்டு வசதியைச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். "அந்தக் கோட்டை மட்டும் நல்லா எடுத்துவிடுங்கோ தம்பி."

நானா மெஷினை அந்தப் பக்கம் திருப்பும் நேரம் அருள்தாஸின் அக்கா மெற்றில்டா ஹெந்தளையில் இருந்து வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரு கதிரையை இழுத்து, அந்தக் கோடுகளுக்கு மேல் போட்டு உட்கார்ந்துகொண்டார். எழும்பு என்று அருள்தாஸ் கெஞ்சினார். பிறகு சத்தம் போட்டார். "நீயும் மாசத்துக்கு ஒருக்கா கேக்கோட வந்து போனனிதானே" என்றார்.

"ஓம்," என்றார் அக்கா. "என்னையும் சேர்த்துத்தான் சொல்லுறன். அப்பாவின்ர ஞாபகமா நான் இதைக் கேக்கேல்லை. அவரை ஒருத்தரும் கீழ இறக்கேல்லை எண்டதுக்குச் சாட்சியா இது கிடக்கட்டும்."

அருள்தாஸ் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனார். எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு அக்காமேலும் கொஞ்சம் இருந்தது, ஆனால் தன் குற்றத்தை அக்காவே முதலில் சொல்லிவிட்டதால் அவர்மேல் இருந்தது நிலைக்கவில்லை. கோடுகள் கிடந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றித் தேய்த்தோம். அந்த இடத்தை நான் கையால் மட்டும் துடைத்தேன். அடுத்த நாள் வார்னிஷ் பூசி முடித்ததும் வெயில் ஜன்னலால் விழுந்தது. சுற்றியிருந்த பலகை பளிச்சென்று தெரிய, நடுவில் அந்த இரண்டு கோடும் முன்பைவிடக் கறுத்து, புதிதாகக் கீறினது போல நின்றன. அருள்தாஸ் கதவடியில் வந்து நின்று பார்த்தார்.

"வார்னிஷ் பட்டா மங்கிப் போகுமெண்டு நினைச்சன், தம்பி."

பழுதாகாத தரை

கடைசியாக ஒரு வெள்ளவத்தைத் தம்பதி. தேக்குத் தரைக்கு எந்த நிறம் என்று அவர்கள் தீர்மானிப்பதற்குள் நான் மாதிரி பூசிக் காட்டாத பலகைத் துண்டு மிச்சம் இல்லை. தேன் நிறம் என்றார் மனைவி. தேன் என்றால் எந்தத் தேன் என்று கேட்டார் கணவர். ஒருவழியாக முடிந்தது. அந்தத் தரை நாங்கள் செய்தவற்றிலேயே நல்லது. முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். நானாவே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

சில வாரம் கழித்து, மறந்துபோன வயர் ஒன்றை எடுக்கப் போனேன். தரை முழுக்கச் சுவருக்குச் சுவர் பிளாஸ்டிக் விரிப்பு. அதில் பளிங்குக் கல் மாதிரிப் படம் அச்சடித்திருந்தது. வாசலடியில் விரிப்பின் ஓரத்தை நான் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு, அந்த அம்மா எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

"இவ்வளவு வடிவாச் செய்து போட்டு, அதுக்கு மேல நடந்தாப் பழுதாப் போயிடும் எல்லே?"

இத்தனைக்கும் பிறகு என் சொந்த வீட்டுத் தரை வெறும் சீமெந்துதான், அதைப் பற்றி இன்றுவரை ஒருத்தரும் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே நிம்மதி.