வீசாத துண்டு

கடலில் மீன் வந்திருப்பதைக் கரையில் நின்றபடியே கண்டு சொல்வது எங்கள் குப்பத்தில் ஒருவருடைய பொறுப்பு. நீர் ஓரிடத்தில் மட்டும் கறுத்து, அந்தக் கறுப்பு காற்றோடு நகர்ந்தால் அது மேகத்தின் நிழல். காற்றை எதிர்த்து நகர்ந்தால் மீன்கூட்டம். மீன்தான் என்று உறுதியானதும் அவர் தலைத்துண்டை அவிழ்த்து வீசுவார். துண்டு அசைந்தால் ஊர் மொத்தமும் வலையை நோக்கி ஓடும். அசையாவிட்டால் கடலைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். என் சிறுவயதில் அந்தத் துண்டு நைனாவுடையது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே எங்கள் வீடுகள் இருந்தன. வீடுகளுக்கும் அலைக்கும் நடுவே இருந்தது ஒரு மணல்திட்டு மட்டுமே. அதில் மணல் குவாரி நடத்த ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. திட்டு போனால் ஐப்பசி அலை நேராக எங்கள் அடுப்பங்கரைக்கு வரும் என்பது குழந்தைகளான எங்களுக்கும் தெரியும். முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்த அன்று கடலில் நல்ல மீன்பாடு. மண்டபத்துக்கு ஒருவரும் போகவில்லை. மக்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டு அதிகாரிகள் எழுந்து போய்விட்டார்கள். ஊர்த்தலைவர் பல வாசல்களில் காத்துக் கிடந்து இன்னொரு கூட்டத்துக்கு நாள் வாங்கினார். இதுவே கடைசி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

கூட்டத்தன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. எல்லோரும் உடனே சம்மதித்ததற்குக் காரணம், அப்போது கடலில் மீனே இல்லாததுதான். அம்மா மீன் சுமந்து விற்கும் அன்னக்கூடை பல நாட்களாகச் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு வேளையும் கஞ்சி. கைக்குழந்தையாக இருந்த என் தம்பி அழுவதற்குக்கூடச் சோம்பிப்போயிருந்தான்.

கூட்டத்தன்று காலையில் சாலையோரம் இரண்டு டெம்போக்கள் வந்து நின்றன. ஆண்கள் சலவைச் சட்டையில் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு ஏறினார்கள். நைனா மட்டும் படகொன்றின் விளிம்பில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். திட்டுக்கு நேரே, கூப்பிடு தூரத்தில், நீர் கறுத்திருந்தது. காற்று தெற்கிலிருந்து அடித்தது. கறுப்பு தெற்கு நோக்கி நகர்ந்தது.

நைனாவின் கை துண்டுக்குப் போயிற்று, முடிச்சைப் பிடித்தது, அங்கேயே நின்றது.

சித்தப்பா டெம்போவிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாண்ணா, அங்கயே பாத்துகினு கீற? மீனு எதுனா கீதா?"

வண்டியில் பேச்சு அடங்கியது. எல்லா முகங்களும் நைனாவை நோக்கித் திரும்பின. சித்தப்பாவின் ஒரு கால் ஏற்கனவே கீழே தொங்கியது.

"மோடத்து நெயலுடா" என்றார் நைனா. "காலை உள்ள வை. வண்டி கெளம்பட்டும்."

"நைனா, அது காத்த எதுத்துப் போவுது" என்று நான் கிசுகிசுத்தேன்.

அவர் என் கையை வலிக்கும்படி இறுக்கினார். "நெயலும்மா அது. ஏறு."

மண்டபத்தில் முந்தைய நாள் கல்யாணத்தின் வாழை மரங்கள் வாடிச் சாய்ந்திருந்தன. எடுத்த மணல் தானாக வளர்ந்துவிடும் என்று நிறுவனத்தின் ஆள் விளக்கினார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி எழுந்தாள். "நீ மண்ண வாரிகினு பூட்டா, அலை எங்க வூட்ல வந்து படுத்துக்கும். நாங்க எங்க சார் படுக்கிறது, உங்க வூட்லயா?" மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. ஆட்சேபிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கைகூடத் தாழ்ந்திருக்கவில்லை. நைனா கையோடு துண்டையும் உயர்த்தியிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அது காய்ச்சல்காரனின் முகம்போல் வியர்த்திருந்தது.

மாலையில் திரும்பியபோது செய்தி எங்களுக்காகக் காத்திருந்தது. பக்கத்துக் குப்பத்தார் வலை கொள்ளாமல் மீன் வாரியிருந்தார்கள். மீன்கூட்டம் எங்கள் திட்டை ஒட்டித்தான் போயிருக்கிறது.

"உன் கண்ணுக்கு இன்னாண்ணா ஆச்சு?" சித்தப்பாவின் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம். "நம்ம வூட்டாண்ட வந்த மீனாச்சே."

"வயசாவுதில்ல" என்றார் நைனா. அம்மா கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு அவரைப் பாராமல் உட்கார்ந்திருந்தாள்.

குவாரி வரவில்லை. திட்டு இன்றும் இருக்கிறது. பேருந்தில் அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு கடலைப் பார்க்கும் பொறுப்பை ஊர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. நான் கண்டதை நானும் எவரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் போனதென்றால், நைனாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள். அந்தப் பயத்தில் பல இரவுகள் அவர் இமைகளையே பார்த்தபடி படுத்திருந்தேன். கரையில் நடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பள்ளம் நைனா, பாத்து வா" என்பேன். அவரும் கீழ்ப்படிந்து காலைத் தூக்கி வைப்பார்.

ஒரு நாள் அப்படி நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். ஒரு விரலால் என் முகவாயைத் தொட்டுக் கடலை நோக்கித் திருப்பினார். "அங்க இன்னா தெரியுது, பாரு."

பார்த்தேன். நீர் கறுத்திருந்தது. காற்றை எதிர்த்து நகர்ந்தது.

"நீயே வீசு" என்று தலையிலிருந்த துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

வீசினேன். ஊர் ஓடியது. பெண்ணுக்கு அப்பனின் கண் வந்துவிட்டது என்று மெச்சினார்கள். கண் தெரியாத நைனாவுக்கு நான் கண்ணாகிவிட்டேன் என்ற பெருமிதத்தில் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கண் தெரியாத ஒருவர் என் முகத்தை அவ்வளவு சரியாக அந்த இடத்துக்கு எப்படித் திருப்பினார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவேயில்லை.