ரோஸ்லின் அக்கா வைத்துவிட்டுப் போன செட்டிங்

"நான்தான் மாற்றினேன் அக்கா" என்று அன்று நான் சொல்லவில்லை.

இன்று காலை ரோஸ்லின் அக்கா இறந்துவிட்டார். மாரடைப்பு. பாளையங்கோட்டையில் நான் முதலில் வேலை பார்த்த வீடியோ ஸ்டுடியோவில் எனக்குப் பக்கத்து சீட்.

செய்தி வந்ததிலிருந்து இதையே மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன்...

அக்காவுக்கு ஊர் உவரிப் பக்கம். மீன் இல்லாமல் மதியச் சாப்பாடு இறங்காது. வெள்ளிக்கிழமை நான் சைவம் என்று தெரிந்தே குழம்பை என் டப்பா பக்கம் நகர்த்துவார். "வாசத்துக்கு என்னட்டி விரதம்?"

கல்யாண வீடியோவை எடிட் செய்து முடித்ததும் பைலாக எக்ஸ்போர்ட் செய்ய எங்களுக்கு இரண்டு வழி. ஹார்டுவேர் என்கோடிங் வைத்தால் கிராபிக்ஸ் கார்டு அரை மணியில் முடித்துவிடும். சாஃப்ட்வேரில் விட்டால் மூன்று மணி நேரம், ஆனால் அதே பைல் அளவில் படம் சுத்தமாக இருக்கும். அக்கா எப்போதும் சாஃப்ட்வேர்தான். அதிலும் ஓமப் புகை இருந்தால் பேச்சே இல்லை. புகையில்தான் கார்டு தடுமாறும் என்பார்.

பார்ட்டி அவசரப்படுத்தினால், "பைய போகட்டும். கல்யாணந்தான் முடிஞ்சிட்டுல்லா, இனி என்ன அவசரம்?"

அன்று அவருக்குக் காய்ச்சல். கல்லிடைக்குறிச்சிக் கல்யாணம் ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, முடிந்ததும் முழுசாக ஓட்டிப் பார்த்துக் கொடு என்று என்னிடம் சொல்லி மதியமே வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை சோபாவில் காத்திருந்தார். சாயங்காலம் ரயில், மறுநாள் துபாய். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து வந்து திரையைப் பார்த்தார். இன்னும் இரண்டரை மணி நேரம் என்று காட்டியது.

நிறுத்தினேன். ஒரே ஒரு ஆப்ஷனை ஹார்டுவேருக்கு மாற்றி மறுபடி போட்டேன். முப்பத்தைந்து நிமிடம். முதல் பத்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு பென்டிரைவைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் துபாயிலிருந்து போன். தாலி கட்டும் இடத்தில் புகையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, பெண்ணின் முகமே தெரியவில்லையாம்.

ஸ்டுடியோ முதலாளி அண்ணாச்சி அக்காவைத்தான் கேட்டார். அக்கா செட்டிங்கைத் திறந்து பார்த்தார். ஹார்டுவேர் என்றிருந்தது.

"நாந்தான் போட்டேன் அண்ணாச்சி. ஆனா சாஃப்ட்வேர்லதான வச்சேன்..."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "ஏட்டி, நீ கூட இருந்தேல்லா. நான் எதுல வச்சிட்டுப் போனேன்?"

"கவனிக்கலக்கா."

வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம். அண்ணாச்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அக்கா அன்றைக்கே சாஃப்ட்வேரில் போட்டு அனுப்பினார். சுத்தமாக வந்தது, அந்த வீட்டாரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டுக்கும் அக்கா திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் மறுபடி பார்ப்பார்.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்க அம்மைக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சனா, அணைச்சனான்னு கேட்டுக்கிட்டே இருப்பா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என் பஸ் வந்துவிட்டது... ஏறிவிட்டேன்.

இன்று சாயங்காலம் அடக்கம். போகிறேன். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அக்கா... நீங்கள் சரியாகத்தான் வைத்துவிட்டுப் போனீர்கள். நிம்மதியாகப் போங்கள்.

அந்த பஸ் ஸ்டாப் பேச்சுக்கு அடுத்த மாதம், எடிட்டிங் இனி தனக்கு வேண்டாம் என்று அக்காவே அண்ணாச்சியிடம் கேட்டு ஆல்பம் வேலைக்கு மாறினார். அவருடைய சீட்டை எனக்குக் கொடுத்தார்கள்.