பன்னிரண்டாம் நாள் புழுக்கள்

என் மேசையில் ஃபார்மலின் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே, ஆட்டின் இரைப்பையிலிருந்து எடுத்த ரத்தம் குடிக்கும் புழுக்கள். ‘மருந்து கொடுத்த பன்னிரண்டாம் நாள்’ என்று நான் எழுதி ஒட்டிய சீட்டு மஞ்சளாகிவிட்டது. எதிரே உட்காருபவர் கண்ணில் படும்படிதான் வைத்திருக்கிறேன். உண்மையில் ஒரே ஒருவர் கண்ணில் படுவதற்காக.

நாமக்கல்லில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ஆட்டையாம்பட்டி அக்கா ஒருவரின் வெள்ளாட்டுப் பட்டியில்தான் என் வேலை. குடற்புழு மருந்து கொடுப்பதற்கு முன்பும் பன்னிரண்டாம் நாளும் ஆட்டுப் புழுக்கையைக் கரைத்துப் புழு முட்டைகளை எண்ண வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டில் மருந்தைப் பட்டி முழுவதற்கும் கண்ணளவில் பங்கிட்டு ஊற்றிவிடுவார்கள். அந்தத் தப்பு நேரக்கூடாதென்று ஒவ்வொரு ஆட்டையும் சாக்கில் கட்டித் தராசில் தொங்கவிட்டு நான் அளவு சொல்ல, அக்கா ஊற்றினார். பன்னிரண்டாம் நாள் முட்டை குறையவே இல்லை. அன்று செத்த ஆட்டை அறுத்தால், புழுக்கள் உயிரோடு நெளிந்தன. அந்த மருந்து அவற்றிடம் செல்லாது என்று எழுதினேன்.

ஊர் ஊராக அந்த மருந்தைச் சிபாரிசு செய்தவர் என் பேராசிரியர். மூன்று முறை எண்ண வைத்தார். பிறகு அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, எல்லோர் முன்பும் சொன்னார்: “உனக்கு எண்ணத் தெரியல, சாமி.” அக்கா பாதி மருந்தைத்தான் ஊற்றியிருப்பார் என்றார். “ஒரு சொட்டுக்கூடச் சிந்தலீங்க” என்று அக்கா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அதே மருந்தைத் திரும்ப ஊற்றச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் பட்டி காலி. அவர் நன்றாக இருக்கக் கூடாதென்று மனதாரச் சபித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன மாதம் அவர் என் ஆய்வகத்துக்கு வந்தார். ஓய்வு பெற்று அயோத்தியாப்பட்டணத்தில் ஆடு வளர்க்கிறாராம். அந்த மருந்தையே ஊற்றியும் ஆடுகள் சாகின்றன, மருந்து போலியாக இருக்கும் என்றார். கொண்டு வந்த புழுக்கையை நானே கரைத்து, அவரை நுண்ணோக்கி முன் உட்கார வைத்தேன்.

“எண்ணுங்க சார்.”

எண்ணினார். மருந்து ஊற்றியும் முட்டைகள் நிறைந்து கிடந்தன. இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். மூன்றாம் முறை முடிந்ததும் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினேன். சீட்டைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என் வயிறு குளிர்ந்தது.

ஆடுகள் பாவம், அன்றே வேறு மருந்து கொடுத்தேன். அவரிடம் மட்டும் சொன்னேன்: “பன்னெண்டாம் நாள் மறுபடி புழுக்கை கொண்டாங்க. அதுக்குள்ள ஆட்டையாம்பட்டி போயி, அந்தக்கா மருந்த முழுசாத்தான் ஊத்துனாங்கன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டு வாங்க.”

பன்னிரண்டாம் நாள் வந்தார். முட்டை ஒன்றுகூட இல்லை. போனீர்களா என்று கேட்டேன்.

“போனேம்மா. ‘ஆடே இல்லாத ஊட்டுல வந்து இத எதுக்குங்க சொல்றீங்க’ன்னாங்க.”

தலை குனிந்தபடியே, குப்பியின் சீட்டைச் சுவர்ப் பக்கம் மெல்லத் திருப்பினார். நான் அதை மறுபடி அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.