கேட்க ஆளில்லாத சேனல்

நியமன ஆணை அவள் வேலையை இப்படி வரையறுத்திருந்தது: 'அமைதியான பார்வையாளர். திரையில் வருவதைக் கவனிப்பார். கருத்துக் கூறுதல் இப்பணியில் அடங்காது.' அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் சைரன். வீட்டிலோ, "வேலைக்குப் போறியா, இல்ல சண்டைக்குப் போறியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் அம்மா சாப்பாட்டு டப்பாவையே கையில் கொடுப்பாள்.

பல கிளைகள் கொண்ட மருத்துவமனை அது. எந்தக் கிளையின் கணினிக்கு ஆபத்து வந்தாலும் அது பாதுகாப்புச் சேனலில் அறிவித்துவிடும். யாருக்கு என்று பார்க்காது, வானொலி மாதிரி. அந்தச் சேனலுக்குச் சந்தாதாரராக இருப்பவரின் கைபேசியில் உடனே மணி அடிக்கும். சந்தாதாரரே இல்லாவிட்டாலும் கணினி அறிவித்துக்கொண்டேதான் இருக்கும். அதற்கு ரோஷம் கிடையாது.

இருந்த ஒரே சந்தாதாரர் மேலாளர். மணி அடித்து அடித்துக் கூட்டங்களைக் கெடுக்கிறது என்று அவரும் தன்னை நீக்கிக்கொண்டார். அறை முழுக்கக் கேட்கும்படி அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

"அப்ப யாரு சார் கேப்பா?" என்றாள் சைரன்.

"உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பாருங்க, போதும்."

பிறகு ஒருநாள் ரத்த வங்கிக் கணினிக்குள் யாரோ புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள். விசாரணைக் கூட்டத்தில் மேலாளர் ரத்த வங்கி டெக்னீஷியனைக் கைகாட்டினார்: கடவுச்சொல்லை வெளியே விட்டது அந்தப் பெண்தானாம். அவளை வேலையைவிட்டு நீக்கும் உத்தரவு, இயக்குநரின் கையெழுத்துக்காக மேசையில் தயாராகக் கிடந்தது.

"கணினி முன்கூட்டியே எதுவும் சொல்லல சார்," என்றார் மேலாளர், கொஞ்சமும் கூசாமல்.

சைரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொல்லலையா? தொண்டை கிழியக் கத்திச்சு சார். நீங்கதான் காதைப் பொத்திக்கிட்டீங்க."

"உங்க வேலை பாக்குறது மட்டும்தானேம்மா?"

"ஆமா சார். நீங்க பொத்திக்கிட்டதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

டெக்னீஷியன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, விடுங்கக்கா."

"விட்டு விட்டுத்தான்டி இங்க வந்து நிக்குது."

இயக்குநர் கனைத்தார். நிறையப் படித்தவர், நியாயம் எந்தப் பக்கம் என்று தெரிந்த மாத்திரத்தில் கூட்டத்தை ஒத்திவைக்கும் அளவுக்குப் படித்தவர். "எழுதிக் குடுங்க, கமிட்டி போடலாம்," என்றார்.

அவள் எழுதிக் கொடுக்கவில்லை, மடிக்கணினியைத் திறந்தாள். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தவர்கள், மற்ற கதவுகளைப் பூட்ட மறந்திருந்தார்கள். சற்றைக்கெல்லாம் இயக்குநரின் சட்டைப்பையில் மணி அலறியது. மேலாளரின் இடுப்பிலும் அதே மணி. இம்முறை மருந்தகக் கணினி: யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள்.

"என்னய்யா இது?" என்றார் இயக்குநர்.

"கணினி முன்கூட்டியே சொல்லுது சார்," என்றாள் சைரன்.

மருந்தகத்தின் இணைப்பைத் துண்டிக்க மேலாளரே ஓடினார். மேசையிலிருந்த உத்தரவை இயக்குநர் மடித்து, கையெழுத்திடாமலே டெக்னீஷியனிடம் கொடுத்தார்.

சைரன் செய்தது இவ்வளவுதான்: பாதுகாப்புச் சேனலுக்கு இயக்குநரையும் மேலாளரையும் சந்தாதாரர்களாகச் சேர்த்தாள், விலகிக்கொள்ளும் பொத்தானை அவர்கள் திரையிலிருந்து எடுத்துவிட்டாள்.