மண்சட்டிகளை முதலில் வெளியே எடுங்கள்

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கிணற்றுக்கு மருந்து போடப் போயிருந்தேன். புதிதாகச் செய்த கம்பி மத்தாப்பைக் கொளுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பொறியொன்று தெறித்து என் இடது முழங்கைக்குக் கீழே விழுந்தது. முடி கருகும் வாசனை வந்தது. யாருடைய முடி என்று திரும்பிப் பார்த்தேன்.

“ஏய்யா, ஒங்க கைதான் தீயுது! மரக்கட்டை கணக்கா நிக்கீகளே!” என்று கத்தினார் அங்கே வேலை பார்த்த ஒரு பெண்மணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகும் வலிக்கவில்லை.

அந்த இடத்தில் ரூபாய் அளவுக்கு ஒரு வெளிறிய படை வெகுநாளாக இருந்தது. அதற்குத் தேமல் என்று பெயர் வைத்திருந்தேன். நான் சுகாதார ஆய்வாளர். உணர்ச்சியற்ற படைக்கு என்ன பெயர் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். தன் தோல் என்று வரும்போது படிப்பு சற்று மெதுவாகத்தான் வேலை செய்கிறது. இப்போது சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

அது ஐம்பதுகளின் பிற்பகுதி. தொழுநோய் என்று மருத்துவர் எழுதினால் தகவல் மேலே போகும். மேலே போனது சுற்றிவந்து வீட்டு வாசலில் நிற்கும். என் சக ஆய்வாளர் பிளீச்சிங் பவுடரோடு வருவார். தெரு கூடும். விருதுநகரில் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. நோயைவிட அந்த அடுப்பை நினைத்துத்தான் பயந்தேன். என்னையும் என் மனைவி செண்பகத்தையும் அண்ணன் வெளியேறச் சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. தொற்றுநோய் விதிகளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எலியாஸ் கொச்சிக்காரர், யூதர். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வு நாள். நோயாளியைப் பார்ப்பார், பேனாவைத் தொடமாட்டார். அவசரமானதைக் கம்பவுண்டர் எழுதுவார். எழுதாத நோய் நடைமுறைப்படி இல்லாத நோய். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தடவினார். முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே ஓடும் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது.

“நான் எழுத மாட்டேன்னு தெரிஞ்சு இன்னைக்கு வந்தீங்க, அல்லே?”

“கம்பவுண்டர்கிட்டயும் சொல்லாம இருந்தா தேவலை சார்.”

அவர் சிரித்துவிட்டார். “இந்த வாரம் எங்களுக்கு என்ன பாடம்னு தெரியுமோ? நம்ப மாட்டீங்க.”

தங்கள் வேதமான தோராவை அவர்கள் வாரம் ஒரு பகுதியாக ஓராண்டில் படித்து முடித்து, மறுபடி தொடங்குவார்களாம். எந்த வாரத்துக்கு எந்தப் பகுதி என்பது முன்பே வகுத்தது. அந்த வாரத்துப் பகுதி தோலில் தோன்றும் வெண்படையைப் பற்றியது. புரோகிதர் பார்ப்பார், சந்தேகம் என்றால் ஏழு நாள் தனியே வைத்து மறுபடி பார்ப்பார். அது நம் தொழுநோய் அல்ல, சுவரிலும் துணியிலும்கூட வரும் ஏதோ ஒன்று என்றார் டாக்டர்.

“வீட்டுச் சுவர்ல அந்தக் கறை வந்தா புரோகிதர் வந்து பார்க்கணும். அசுத்தம்னு அவர் சொல்லிட்டா உள்ளே இருக்கற சாமானெல்லாம் அசுத்தம். அதனால வர்றதுக்கு முந்தியே சொல்லி அனுப்பணும், சாமானை வெளியே எடுத்து வைன்னு.”

“கறை அப்பவும் சுவத்துல இருக்கே சார்?”

“இருக்கு. ஆனா அவர் வாயால சொல்ற வரைக்கும் தீர்ப்பில்லை. செம்பைக் கழுவிக்கலாம். மண்சட்டின்னா உடைக்கணும், போனா போச்சு. ஏழையோட மண்சட்டிக்காக வேதம் வாசல்ல காத்து நிக்குதுன்னு எங்க பெரியவங்க சொல்வாங்க.”

சொல்லாமல் போய் நிற்பதுதான் எங்கள் இலாகாவில் திறமை. முன்கூட்டிச் சொல்லியனுப்பிவிட்டு வெளியே நிற்கும் ஒரு விதியை நான் கண்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அந்த ரூபாய் அளவு இடத்தைத் தவிர.

“திங்கட்கிழமை எழுதுவேன், கேட்டோ. அதுக்குள்ள உங்க மண்சட்டியை வெளியே எடுங்க.”

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் கையைக் காட்டினேன்.

“இதுக்கா இம்புட்டு நாளும் கைய மூடிக்கிட்டு அலைஞ்சீக? எவ பேரையாவது பச்சை குத்திட்டு வந்திருக்கீகளோன்னு நெனச்சேன்.” சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, “அண்ணாச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க. வேற ஆளு சொல்லிக் கேக்கக் கூடாது” என்றாள்.

சொன்னேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுப்பு இரண்டாகும் நாளை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை டாக்டர் எழுதினார். காது மடலில் ஸ்மியர் (சிறு கீறலிட்டு எடுக்கும் திசுநீர்ச் சோதனை) எடுத்ததில் கிருமி இல்லை. பிறருக்குத் தொற்றாத வகை. டாப்சோன் (கிருமியை அடக்கும் மாத்திரை) ஆண்டுக்கணக்கில் தின்ன வேண்டும். அலுவலகம் என்னை விடுப்பில் அனுப்பிவிட்டு மறுநாளே என் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்தது. அதன் வேகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இடையில் ரியாக்‌ஷன் (மருந்து எடுக்கையில் நரம்பு வீங்கிக் கொதிப்பது) வந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கின. விரல் நிமிர மரச்சிம்பு வைத்துக் கட்டி மூலை அறையில் கிடந்தேன். அண்ணன் அடுப்பைப் பிரிக்கவும் இல்லை, என் அறைப் பக்கம் வரவும் இல்லை. அதுவே எனக்குத் தண்டனையாக இருந்தது.

சனிக்கிழமைகளில் மட்டும் டாக்டரிடம் போவேன், அந்த வாரத்துப் பாடம் கேட்க. ஒரு வாரம் பாடத்தில், அவர்கள் கூட்டத்தை வழிநடத்திய மோசேயின் அக்கா மிரியாம் வந்தாள். தம்பியைப் பற்றிப் புறம் பேசியதில் அவள் தோல் வெளுத்துவிட்டது. ஏழு நாள் பாளையத்துக்கு, அதாவது கூடாரங்களுக்கு, வெளியே. பாலைவனத்தில் பயணம் போய்க்கொண்டிருந்த அத்தனை பெரிய கூட்டமும், அவள் திரும்பிவரும்வரை ஓரடி நகரவில்லையாம்.

“எங்க ஆபீஸ் ஒரு நாள்கூட நிக்கலையே சார்.”

“ஆபீஸ் வேற. பாளையம் வேற.”

மாசி மாதம். மல்லாங்கிணற்றுப் பக்கம் குலசாமி கும்பிட வண்டி கட்டினார்கள். சிம்புக் கையோடு ஊரார் முன் போய் நிற்க எனக்கு மனமில்லை. படுத்தே இருந்தேன். சலங்கைச் சத்தம் நகரக் காத்திருந்தேன். அது நகரவில்லை. அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏலே, இன்னும் வேட்டி மாத்தலையா?”

“நீங்க போயிட்டு வாங்கண்ணே. அங்கன எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டும். ஒனக்கு மட்டும் தனிப் பொங்கல் வைக்கச் சொல்லி சாமி கேட்டுச்சாக்கும்? மாட்ட அவுத்துவிட்டாச்சு. நீ ஏறினாத்தான் பூட்டுவேன்.”

வெளியே வந்து பார்த்தேன். மாடுகள் நுகத்தடியிலிருந்து விடுபட்டு வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. மதினியும் பிள்ளைகளும் வேகாத வெயிலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தோரா என்ற சொல்லை அண்ணன் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த மாடுகள் அசைபோடுவதைப் பார்த்துவிட்டு வேட்டி மாற்ற உள்ளே போனேன்.

மாத்திரை நின்றது. டாக்டர் மாற்றலாகிப் போனார். வேலைக்குத் திரும்பிய நான் ஓய்வும் பெற்றேன். படையின் நிறம் திரும்பிவிட்டது, உணர்வு திரும்பவில்லை. சுண்டுவிரல் மடங்கியே இருக்கிறது. நாட்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முன்னே ஓடுவதாக முன்பெல்லாம் நினைத்திருந்தேன். இப்போது அவை வட்டமாக வருகின்றன. சித்திரை வெயில் ஏறும்போது அந்த மண்சட்டி வாரம் எங்கோ பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரியும்.

அப்போது செண்பகத்திடம் கோழி இறகைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். மணிக்கட்டிலிருந்து மேலே தடவிக்கொண்டே வருவாள். “இருக்கா?” என்பாள். இருக்கிறது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு முழங்கைக்குச் சற்றுக் கீழே மறுபடி தொடங்குகிறது. ஒன்றுமில்லாத அந்த இடத்திலும் அவள் கை நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.