மருந்தடிக்கும் விமானத்தில் குடியிருந்தவை

இந்தப் பதிவைப் படித்துவிட்டு அந்த விமானத்தைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், தயவுசெய்து 'இப்போது போகிறவர்களுக்கு' என்று தொடங்கும் பகுதியை முதலில் படியுங்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பத்து ஐம்பதுக்கு, நான் ஒரு விமானத்தின் விசிறியைக் கையால் கால் சுற்றுச் சுற்றினேன். அப்போது விமானத்துக்குள் என் சிநேகிதி ஜமுனா உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி ஆசிரியை வேலை முடிந்தபின், பழைய விமானங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது என் ஓய்வுக்காலப் பழக்கம் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். வாசகர் ஒருவர் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். ஓமந்தூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு மல்லாட்டை மில். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் ஊர்ச் சொல். அந்த மில்லின் கொட்டகையில், கோணி மூட்டைகளுக்கு நடுவே, பழுத்த மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். மில் முதலாளியின் அப்பா எப்போதோ ஏலத்தில் எடுத்துப் போட்டதாம்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பயிருக்கு மருந்தடிக்கிற விமானம். எப்படித் தெரிந்தது என்றால், விமானத்தின் முன்பக்கக் கண்ணாடிக்கு வெளியே செங்குத்தாக ஒரு வெட்டுத்தகடு இருந்தது. அரிவாள்மணையைக் கண்ணாடி முன் நட்டுவைத்தாற்போல இருக்கும். தாழப் பறக்கும்போது மின்கம்பி குறுக்கே வந்தால் கம்பி அறுபடும், ஆள் பிழைப்பார். ஒரே ஓர் ஆசனம்தான். ஆசனத்துக்கு முன்னால் மருந்துத் தொட்டி, அதற்கும் முன்னால் எஞ்சின். விழுந்தால் முதலில் எஞ்சின் அடிபடட்டும், கடைசியில் மனிதன் என்ற கணக்கு.

நான் சிறுமியாக இருந்தபோது விழுப்புரத்தில் எங்கள் தலைக்கு மேல் பறந்தது இந்த மாதிரி விமானம்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்புக்கு மருந்தடிக்க வரும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரே வாசலில் எட்டுக் குடித்தனம் நாங்கள், எட்டுக்கும் ஒரே கிணறு. சத்தம் கேட்டதும் யார் முதலில் கேட்டாரோ அவர் குரல் கொடுப்பார். பெரியவர்கள் கிணற்றுக்குப் பலகை போடுவார்கள். கைக்கு எட்டிய பிள்ளையை, யார் வீட்டுப் பிள்ளையானாலும், உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். பிறகு ஒண்ணாம் நம்பர் வீட்டுப் பெரியம்மா உள்ளிருந்தபடியே வீட்டு எண்களை வரிசையாகக் கூப்பிடுவார். "ரெண்டு?" "இருக்கோம்." "மூணு?" "இருக்கோம்." எட்டும் முடிந்த பிறகுதான் யாரும் ஜன்னல் வழியாகக்கூட ஆகாயத்தைப் பார்க்கலாம்.

ஆறாம் நம்பர் நான், பகலில் எங்கள் வீட்டில் வேறு ஆள் இருக்காது. பெரும்பாலும் அந்த நேரம் மொட்டை மாடியில் இருப்பேன், வாயைப் பிளந்து மேலே பார்த்தபடி. மூன்றாம் நம்பர் ஜமுனாதான் எனக்கும் சேர்த்து இன்னொரு குரலில் "இருக்கோம்" சொல்லுவாள். நான் ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை.

அதனால் இந்த விமானத்தை அவளோடுதான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மாலை தாம்பரத்தில் ரயில் ஏறி ஏழேகாலுக்கு விழுப்புரம். ஜமுனா நிலையத்துக்கே வந்திருந்தாள். எங்கள் வாசல் இருந்த இடம் இப்போது இருசக்கர வாகனம் நிறுத்துமிடம். கிணற்றின் மேல் சிமென்ட் பலகை, அதன் மேல் நாலு ஸ்கூட்டர். எங்கள் வீட்டு அடுப்படி எங்கே இருந்திருக்கும் என்று அடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி அளந்துக்கினு இருக்க? ரொம்ப நேரம் நின்னா உனக்கும் டோக்கன் போட்டுருவான், வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை எட்டுப் பத்துக்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் பேருந்து. டிக்கெட் ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கொஞ்சம் நின்று, ஒன்பது ஐந்துக்குத் திண்டிவனம். இட்லி, காபி முடித்து ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் சேகர் போக வர, காத்திருப்புக்கும் சேர்த்து எழுநூறு கேட்டார். ஜமுனா அறுநூறில் நிறுத்தினாள்.

"மூடிப் போன மில்லுல இன்னாங்கம்மா பாக்கப் போறீங்க?" என்றார் சேகர்.

"ஏரோப்ளேன் பாக்கறோம். டீச்சரம்மா ஓட்டப் போறாங்க, நீயும் வர்றியா?" என்றாள் ஜமுனா.

"எனக்கு ஆட்டோவே போதுங்க. வுழுந்தாலும் ரோட்டு மேலதான வுழுவேன்."

பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பது நிமிடம். மில் காவலாளி ஏகாம்பரத்திடம் முதலாளி சொல்லி வைத்திருந்தார். அவர் வெளிக்கதவைத் திறந்தார், கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்தார், வேப்பமரத்தடிக்கே திரும்பிவிட்டார்.

"நீங்க வரலையா?" என்றேன்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் அந்தாண்ட போறதில்லைங்க."

முப்பத்தோரு வருடம் வகுப்பில் 'ஏன் என்று கேட்காமல் நகராதே' என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று கேட்கவில்லை. கண் முழுக்கக் கொட்டகைக்குள் இருந்தது.

கிட்டத்தில் பார்த்தபோது படத்தில் இருந்ததைவிடச் சிறியதாக இருந்தது. இறக்கையில் துணி கிழிந்து எலும்பு தெரிந்தது. டயர் இரண்டும் மண்ணோடு மண். மருந்துத் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தேன், துருவைத் தவிர வேறு வாசனை இல்லை. ஜமுனா ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டாள், அதில் கால் வைத்து இறக்கையில் ஏறினாள், முட்டிவலியைத் திட்டிக்கொண்டே விமானியின் ஆசனத்தில் உட்கார்ந்தாள். போட்டோ எடுக்கச் சொல்லித் தன் கைபேசியை என்னிடம் கொடுத்தாள். எடுத்துவிட்டு அதை என் பையில் போட்டுக்கொண்டேன். இதை நினைவில் வையுங்கள்.

பழைய விமானப் பைத்தியங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் இறுகிவிட்டதா, உயிர் இருக்கிறதா என்று பார்க்க விசிறியைக் கையால் மெல்லத் திருப்புவோம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அழுத்தினால் கையை எதிர்த்துத் தள்ளுமே, அந்த எதிர்ப்பு இருந்தால் உயிர் இருக்கிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சுவிட்சை அணைத்திருந்தாலும் பழைய எஞ்சின் சில சமயம் பற்றிக்கொண்டு உதைக்கும், கை போய்விடும். அதெல்லாம் எனக்குத் தெரியும். பெட்ரோல் தொட்டி காலி என்று பார்த்தேன். புடவைத் தலைப்பைச் செருகினேன். பக்கவாட்டில் நின்றேன். எனக்குத் தெரிந்த ஆபத்துக்கெல்லாம் காவல் போட்டுவிட்டுத்தான் திருப்பினேன்.

விசிறி கனமாக நகர்ந்தது. எஞ்சினுக்குள் எதுவோ நொறுங்கியது. பிறகு உள்ளிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எஞ்சின் விழித்துக்கொண்டது என்று நினைத்து நான் சிரித்தேன்.

எஞ்சினுக்குக் காற்றுப் போகிற இரண்டு ஓட்டைகளிலிருந்தும் கதண்டு வந்தது. குளவியைவிடப் பெரிது, வயிற்றில் மஞ்சள் பட்டை. வட மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வேலியில் கூடு கண்டால் தெருவையே மாற்றிப் போவார்கள். பத்துப் பதினைந்து கொட்டினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

முதல் கொட்டு என் கழுத்தில். இரண்டாவது காதில். நான் ஓடினேன். இதை மாற்றி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை, ஓடினேன். வேப்பமரத்துக்கு வந்த பிறகுதான் ஜமுனாவின் நினைவு வந்தது.

திரும்பி ஓடப் போன என்னை, அங்கே ஆட்டோவோடு காத்திருந்த சேகர் ஒரு கோணிக்குள் அமுக்கிக் கீழே உட்காரவைத்தார். "அசையாதீங்கம்மா. இப்ப போனீங்கன்னா நீங்களும் காலி, அவங்களும் காலி."

"ஜமுனா" என்று கத்த வாயெடுத்தேன். வாயைப் பொத்தினார். "சத்தம் வேணாங்க, இன்னும் பேஜாராயிரும். ஃபோனு போடுங்க."

அவள் ஃபோன் என் பையில் இருந்தது.

ஏகாம்பரம் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நாங்கள் இருந்த இடத்திலிருந்து கொட்டகை வாசல் நாற்பது அடி. விமானத்தின் பக்கவாட்டு ஜன்னல் தெரிந்தது. அதன் கண்ணாடி உடைந்திருந்ததை ஏறும்போதே பார்த்திருந்தேன். இப்போது அந்த ஓட்டையில் கத்தரிப்பூ நிறத்தில் துணி அடைத்திருந்தது. ஜமுனாவின் புடவை. அவள் கதவைச் சாத்தியிருக்கிறாள், புடவைத் தலைப்பை ஓட்டையில் திணித்திருக்கிறாள். அதன் மேல் கதண்டுகள் ஊர்ந்தன.

அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், மேலே தகரக் கூரை. உள்ளே எத்தனை புகுந்தன, எத்தனை கொட்டின, மயங்கிவிட்டாளா, எதுவும் தெரியவில்லை. பத்து நிமிடம் துணி அசையவில்லை. பன்னிரண்டு நிமிடம். அவள் மகனிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அப்போது துணியின் ஒரு மூலை உள்ளே இழுபட்டது. யாரோ இடுக்கைச் சரிபார்த்து இன்னும் இறுக்கினாற்போல. சற்றுப் பொறுத்து மறுபடியும்.

"கீறாங்கம்மா" என்றார் சேகர் மெதுவாக. "உசுரோட கட்டியா கீறாங்க."

பதினொன்று இருபத்தெட்டுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. தலைமுதல் கால்வரை மூடிய உடையில் ஒருவர் ஈரக் கோணிகளோடு உள்ளே போனார். அவளை மூட்டையாகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை. ஏழு கொட்டு. ஆட்டோவிலேயே திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கு விரைந்தோம். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூச்சும் சிறுநீரும் சரியாக இருக்கிறதா என்று ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அந்த ஒரு நாள் எனக்கு எப்படிப் போனது என்று எழுதப் போவதில்லை. ஞாயிறு பகலில் ஆபத்தில்லை என்றார்கள். ஏகாம்பரம் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். உள்ளே கூடு இருப்பதைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"பாக்கறதுக்குத்தான வர்றாங்கன்னு நெனச்சேங்க. தொடுவீங்கன்னு யாரு கண்டா?" என்றார்.

இப்போது போகிறவர்களுக்கு. திண்டிவனத்திலிருந்து ஆட்டோ அறுநூறுக்குள் பேசலாம். கூட்டை அகற்றும்வரை கொட்டகையைத் திறப்பதில்லை என்று முதலாளி சொல்லியிருக்கிறார், விசாரித்துவிட்டுப் போங்கள். ஓட்டை உள்ள எந்தப் பழைய இயந்திரத்தையும், விமானமோ டிராக்டரோ நெல் மெஷினோ, தொடும் முன் பத்து நிமிடம் தள்ளி நின்று ஓட்டைகளைப் பாருங்கள். குடியிருப்பவை வந்துபோகும், தெரியும். உள்ளூர்க்காரர் 'அந்தாண்ட போறதில்லை' என்றால் ஏன் என்று கேளுங்கள். அவரவர் கைபேசி அவரவரிடம் இருக்கட்டும். 101, 108 இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். என் விரல் அன்று எண்களைத் தேடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, எதையும் தொடும் முன் கூட வந்தவர்களை எண்ணுங்கள். எங்கள் வாசலில் அறுபது வருடத்துக்கு முன்பே இருந்த விதி இது. நான்தான் ஒருநாளும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை.

ஞாயிறு மாலை வார்டில் ஜமுனாவுக்கு ஒரு கண் மட்டும் பாதி திறந்தது. நான் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். மன்னிப்புக் கேட்க எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீங்கிய உதட்டோடு அவளே பேசினாள்.

"உள்ள குந்திக்கினு இன்னா பண்ணேன் தெரியுமா? பெரியம்மா மாதிரி நம்பர் கூப்ட்டுக்கினு இருந்தேன், மனசுக்குள்ளயே. ஒண்ணும் ரெண்டும் போய்ச் சேந்துட்டாங்க. மூணு நான். நாலு மவன் வூட்ல, பெங்களூர்ல. அஞ்சு இன்னா ஆச்சுன்னே தெரில. ஆறுன்னு கூப்ட்டா ஆளைக் காணோம். வயக்கம் போல நானே சொல்லிக்கினேன், இருக்கோம்னு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மூஞ்சிய ஏன்டி அப்டி வச்சிக்கினு கீற? இப்பக் கூப்புடுறேன். ஆறு?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாதிக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். இந்தத் தடவை எனக்காகச் சொல்லவில்லை.

"இருக்கேன்" என்றேன்.